அறுபது பாகையில் ஒரு கை

துறைமுகத்தில் அவளை மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன கிரேனின் கண்ணாடி அறையில் சரக்குக்காகக் காத்திருக்கும்போது அவள் மனசு எங்கோ மிதக்கும். சரக்கு வந்துவிட்டால் கண் இமைக்கமாட்டாள்.

பெரிய கிரேனுக்கு மாற எழுத்துத் தேர்வு இருந்தது. ஒருமுறை எழுதித் தோற்றாள். பள்ளியிலிருந்தே கணக்கு அவளுக்கு வேப்பங்காய். சைன், காஸ் என்று பார்த்தாலே நாக்கு கசந்தது.

அவள் கணவர் படகுகளுக்குக் கொடி தைப்பவர். ஒரு மாலை, மூன்று பக்கமும் சமமான கொடி ஒன்றை நடுவில் மடித்து மேசையில் வைத்தார்.

"என்னங்க, அத அப்படியே வைங்க."

"ஏன், தப்பா வெட்டிட்டேனா?"

அவள் மேசைமேல் குனிந்தாள். மடித்த துணி செங்கோண முக்கோணமாகக் கிடந்தது. சாய்ந்த ஓரம் முழுசு, அடி ஓரம் சரிபாதி, அடி மூலை அதே அறுபது பாகை. சாய்ந்த ஓரத்தைக் கிரேனின் கையாக நினைத்துப் பார்த்தாள்.

"நாப்பது மீட்டர் கை அறுபதுல நின்னா, இருபது மீட்டர்தான் எட்டும். அந்தப் பாதியத்தான் காஸ்ங்கிறாங்க."

துணியைத் திருப்பி முப்பது பாகை மூலையை அடியில் வைத்தாள். இப்போது உயரம் பாதியானது. "இது சைன்."

அவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. சதுரக் கைக்குட்டையை மூலைக்கு மூலை மடித்து நீட்டினார். "அப்ப இது?"

"நாப்பத்தஞ்சு. உயரமும் தூரமும் ஒண்ணு."

"நல்லது. சண்டை இல்லாத வீடு."

மறுநாள் காலை பனிமூட்டம். வேலை தொடங்கவில்லை. தூரத்தில் யாரோ பெரிய கிரேனைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கை மெல்ல எழுந்தது. அதன் நுனியிலிருந்து கம்பி நேராகத் தொங்கியது. வெள்ளைப் பனிக்குள் ஒரு முக்கோணம் உயர்ந்துகொண்டே ஒடுங்கியது. தூரம் விட்டுக்கொடுக்க, உயரம் வாங்கிக்கொண்டது. இத்தனை வருடமாக இது தன் கண்முன்னே நடந்திருக்கிறதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த தேர்வில் தேறினாள். காற்று பற்றிய கேள்வி ஒன்று மட்டும் தப்பு.

பெரிய கிரேனில் முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில் கணவர் போன் செய்தார்.

"அங்கேருந்து நம்ம வீடு தெரியுதா?"

"மாடி தெரியுது. காயப்போட்ட உங்க நீலச் சட்டை கொடியிலேருந்து கழண்டுடுச்சு. போய் எடுங்க."