அலமேலு மாமி என்று ஒருத்தி இல்லை

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சாந்தோம் கோயில் வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்த ஈவ்லினை, பாடற்குழுவில் கூடப் பாடும் ஆலிஸ் வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, நீ எப்போ மாமி ஆன? எங்க கிட்டல்லாம் சொல்லவே இல்ல."

ஆலிஸ் நீட்டிய போனில், ஆப்களை இறக்கிக்கொள்ளும் ஸ்டோரின் பக்கம் ஒன்று திறந்திருந்தது. மேலே 'ஆத்துக்கை' என்று ஆப்பின் பெயர். கீழே நட்சத்திரங்கள். அதற்கும் கீழே, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற மாதிரி படங்கள். முதல் படத்தில் கையில் கரண்டியோடு ஈவ்லினே நின்றாள். நெற்றியில் பெரிய வட்டப் பொட்டு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, உடம்பில் அவள் ஒருநாளும் கட்டியறியாத அரக்குப் பட்டு. பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'மயிலாப்பூர் அலமேலு மாமியின் கைமணம், இனி உங்கள் வீட்டு வாசலில்.'

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. படத்தை விரித்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. சமையலறைச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் இருந்த இடத்தில் விளக்கு மாடம் ஒன்று முளைத்திருந்தது. அடுப்பு அவளுடையது, கரண்டி அவளுடையது, பல் தெரியச் சிரிப்பதும் அவள்தான். மற்றதெல்லாம் யாருடையதோ.

ஈவ்லின் சமையல் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். லஸ் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் அங்கே காய் நறுக்கப் போனவள், அந்தச் சமையலறையைக் கடைசிவரை ஆண்டாள். சைவ விடுதி. வத்தக்குழம்பும் மோர்க்குழம்பும் அவளுக்கு யாரும் பரம்பரையாகத் தூக்கிக் கொடுத்தவை அல்ல. ஊர் ஊராக வந்து சேர்ந்த பெண்கள் தட்டைப் பார்த்து முகம் சுளித்ததைக் கவனித்துக் கவனித்து அவளே திருத்திக்கொண்டவை. விடுதியை இடித்து அடுக்குமாடி கட்டிய பிறகும், எங்கெங்கோ போய்க் குடித்தனம் நடத்தும் அந்தப் பெண்கள் போன் போட்டு, "ஈவ்லின் ஆன்ட்டி, குழம்பு கசக்குது, என்ன பண்றது?" என்று கேட்பதுண்டு. அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவளுக்கு அரை ஆயுள் பிடித்தது.

வீட்டில் கை சும்மா இருந்த காலத்தில்தான் இந்த ஆப்காரர்கள் வந்தார்கள். வீட்டுச் சமையலை விற்கிறோம், நீங்கள் சமைத்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். படம் பிடிக்க வந்த பையன் மிகவும் மரியாதையாக, "ஆன்ட்டி, அந்த சிலுவைச் செயின்ல லைட் பட்டு அடிக்குது, கொஞ்சம் கழட்டிடுறீங்களா?" என்று கேட்டிருந்தான். வெளிச்சம்தானே என்று அவளும் கழற்றி அரிசி டப்பா மேல் வைத்தாள். என்ன வெளிச்சம் அது என்று இப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து கணவர் லியோனார்டிடம் காட்டினாள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறாதவர். "ஆர்டர்தான் குவியுதே, ஒரு பொட்டுக்கா இவ்ளோ கோபம்?" என்றார்.

பொட்டின் மேல் அவளுக்கு என்ன கோபம்? பொட்டு வைக்கும் கிறிஸ்தவப் பெண்கள் அந்தத் தெருவிலேயே நிறைய உண்டு. கல்யாணம் காட்சி என்றால் அவளே சின்னதாக ஒன்று ஒட்டிக்கொள்வாள். ஆனால் அது அவள் வைத்துக்கொள்வது. இது அவளைக் கேட்காமல் அவள் முகத்தில் வைத்தது.

"நீங்க ரிட்டயர் ஆனப்ப மாலை போட்டு போட்டோ எடுத்தாங்களே, அதுக்குக் கீழ வேற எவன் பேரையாவது எழுதி மாட்டியிருந்தா சும்மா இருந்திருப்பீங்களா?" என்றாள். லியோனார்ட் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

மறுநாள் தி. நகரில் ஆபீஸ் இருந்த மாடிக்கு ஏறிப் போனாள். ஆப்பின் முதலாளி சித்தார்த்தன் நல்ல பிள்ளை. எழுந்து நின்று நாற்காலி போட்டான், ஏசியைக் கூட்டச் சொன்னான், இளநீர் வரவழைத்தான். இப்படிப்பட்டவர்களிடம் சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"ஆன்ட்டி, முதல்ல உங்க நிஜப் படமும் போட்டோம். 'ஈவ்லின் ஆன்ட்டியின் சமையல்'னு. ஸ்டோர்ல பாதிப் பேருக்கு அந்தப் படம் தெரியும், பாதிப் பேருக்கு இந்தப் படம் தெரியும். எதைப் பார்த்து நிறையப் பேர் இறக்கிக்கிறாங்கன்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். மாமி படத்துக்குத்தான் டவுன்லோட் அதிகம். நாங்க முடிவு பண்ணல ஆன்ட்டி, ஜனங்க பண்ணாங்க."

"அப்போ என் முகத்தையும் பேரையும் பாத்துட்டு வேணாம்னு போயிட்டாங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாது. மயிலாப்பூர்னா ஒரு எதிர்பார்ப்பு இருக்கில்லையா?"

"நான் பொறந்ததே மயிலாப்பூர்தான்பா. எங்க அப்பாவுக்கும் அவங்க அப்பாவுக்கும் சாந்தோம் கோயில்லதான் ஞானஸ்நானம். இன்னும் எத்தனை தலைமுறை இருந்தா நாங்க மயிலாப்பூர்னு ஒத்துப்பீங்க?"

டீமோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சித்தார்த்தன் வாக்குக் கொடுத்தான். இளநீரைத் தொடாமலே அவள் இறங்கி வந்தாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் கோபம் ஆறவில்லை. அவன் மேல் மட்டுமா? தன் முகத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அதே முகத்தில் பொட்டு வைத்ததும் வாங்கிச் சாப்பிட்ட பெயர் தெரியாத ஜனங்கள் மேலும்தான். சாம்பாரில் ஏதோ வேறு வாசனை வருகிறது என்று அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை புகார் எழுதியதில்லை.

வாரம் போனது, படம் போகவில்லை. ஈவ்லின் தன் போனிலேயே ஆப்பை இறக்கி, ஸ்டோரில் ஜனங்கள் எழுதியிருந்த கருத்துகளைப் படித்தாள். 'மாமி ரசம் சாப்பிட்டதும் எங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது.' 'இந்தக் கை பரம்பரைக் கை.' ஒவ்வொன்றும் அவளுக்கு வர வேண்டிய வார்த்தை, ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை.

"ஒத்த ஸ்டார் போட்டு நாலு வார்த்தை நறுக்குன்னு எழுது. நாங்களும் எல்லாரும் போடுறோம்" என்று ஆலிஸ் தூண்டிவிட்டிருந்தாள். ஈவ்லினும் அந்த எண்ணத்தோடுதான் உட்கார்ந்தாள். ஆனால் ஒற்றை நட்சத்திரத்தின் மேல் போன விரல் அப்படியே நின்றது. அது போய் விழுவது எதன் மேல்? அவளுடைய குழம்பின் மேல்தானே. படத்தில் பொய் சொன்னவன் வேறொருவன், குழம்பு எந்தப் பொய்யும் சொல்லவில்லையே. தன் சமையலுக்குத் தானே குறை மார்க் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டு எழுதினாள்.

'சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். சமைப்பது நான். என் பெயர் ஈவ்லின், சாந்தோம். அலமேலு மாமி என்று ஒருத்தி இல்லை. படத்தில் இருக்கும் பொட்டை நான் வைக்கவில்லை.'

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து முடிவதற்குள் ஆப்பின் பதில் அதன் கீழே வந்து நின்றது. 'அன்பான வாடிக்கையாளரே, ஐந்து நட்சத்திரத்துக்கு நன்றி! உங்கள் பாராட்டை அலமேலு மாமியிடம் தெரிவித்துவிட்டோம்.'

ஈவ்லின் அதை இரண்டு முறை படித்தாள். மனிதர் யாரும் எழுதியதல்ல, ஐந்து நட்சத்திரத்தைக் கண்டால் தானாக விழுகிற பதில் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்.

மறுநாள் விடிந்ததும் ஆபீசுக்குப் போன் போட்டு, இன்று முதல் சமைக்கவில்லை, ஆர்டர் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். எடுத்த பெண் சரி மேடம் என்றாள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. பதினோரு மணிக்கு வழக்கம்போல டில்லிபாபு முதுகில் டெலிவரிப் பையோடு வந்து நின்றான்.

"இன்னா ஆன்ட்டி, அடுப்பே பத்த வெக்கல? ஆர்டர் வந்துக்கினே கீது."

"அலமேலு மாமி கிட்ட போய் வாங்கிக்கோ."

"அது யாரு?"

ஈவ்லின் போனை அவன் முன்னால் பிடித்தாள். அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"இது நீதான ஆன்ட்டி?"

"நானா இருந்தா என் பேரு இருக்கணும்ல? சமைக்கிறவங்க பேருதான் அங்க போட்டிருக்காங்க. அந்தம்மாவே சமைச்சுக் குடுக்கட்டும்."

டில்லிபாபு தலையைச் சொறிந்தான். பாவம், அவனுக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் மந்தவெளிப் பக்கம் போயாக வேண்டும். அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் போட்டான். சித்தார்த்தனே எடுத்தான்.

"சார், ஈவ்லின் ஆன்ட்டி சமைக்கலயாம் சார். அந்த அலமேலு மாமி வூட்டு அட்ரஸ் மட்டும் அனுப்பு சார், நான் அங்க போயி எட்த்துக்கினு வந்துர்றேன்."