பிரகடனக்காரரும் கமலாக்காவின் லீக்ஸ் பாத்தியும்

ஊர் ஊராகப் பயிற்சி நடத்தும் வளவாளர் வேலை என்றால் என்னவென்று தெரியாமல் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு கையில் சுருட்டிய படங்கள், மறு கையில் மீன் அடைத்த மாலு பனிஸ் பெட்டி. மலையகத்து அக்கரப்பத்தனை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஆறு நாள் தேயிலைக் கொழுந்து பறித்துக் களைத்தவர்களை ஞாயிற்றுக்கிழமையும் உட்காரவைத்து ஜனநாயகம் பேச வேண்டும். இந்தப் பாவத்தைச் செய்த சக வளவாளர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லி அழுவேன்?

போன வருடம் எங்கள் நிறுவனம் என் கையில் ஒரு கைநூலைத் திணித்தது. அமெரிக்கா பிரிட்டிஷ் ராஜாவை விட்டுப் பிரிந்தபோது சுதந்திரப் பிரகடனத்தை எழுதி, பின்னால் அந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியாகவும் வந்தவருடைய அரசியல் சிந்தனைகள். ஒரே தோட்டத்தில் நான்கு ஞாயிறு பயிற்சிச் செயலமர்வு. அவருடைய பேர் யார் வாயிலும் நுழையவில்லை, என் வாயிலும் சேர்த்துத்தான். 'பிரகடனக்காரர்' என்றே வைத்துக்கொண்டோம்.

அவருக்கு என்ன தொழில்?

வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில்தான் கூட்டம். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படத்தை மாட்டினேன். "மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவர் இவர்தான்" என்று கணீரென்று ஆரம்பித்தேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. முன்வரிசையில் கமலாக்கா இருந்தார். ஐம்பத்து மூன்று வயது, கொழுந்து எடுப்பவர். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். "இவருக்கு என்னங்க மிஸ் தொழிலு?" என்று கேட்டார்.

பெரிய தோட்டம் இருந்தது, புகையிலை போட்டார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆளுக எத்தன பேரு?" என்றார். நூற்றுக்கணக்கில், எல்லாரும் அடிமைகள் என்று வாயில் வந்துவிட்டது. கைநூலில் அது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. நாலாவது ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அதைக் கேட்ட பிறகுதான் எல்லாரும் படத்தை உற்றுப் பார்த்தார்கள். கமலாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, தோட்டத் தொரைங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல!"

படத்தைக் கழற்றப் போனபோது

அடுத்த ஞாயிறு என்னைக் கைநூலைத் திறக்கவே விடவில்லை. அந்த அடிமைகளை விடுதலை செய்தாரா? சிலரை மட்டும். மற்றவர்கள்? அவர் செத்த பிறகு ஏலத்தில் விற்றார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாகவா? ஆமாம். நானே விற்றவள் மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவர் முருகையா அண்ணன், "இந்தாளு பேச்சே வேணாங்க" என்று எழுந்துவிட்டார். நானும் படத்தைக் கழற்றப் போனேன். கமலாக்காதான் தடுத்தார்.

"ஆளு வேணாம், சரி. எழுதினது நல்லா இருக்குல்ல, அத ஏங்க மிஸ் நாம விடணும்?"

சிவப்பு முளைக்குச்சிகள்

துண்டு நிலமாவது சொந்தமாக வைத்துப் பயிர்செய்கிறவன்தான் சுதந்திர நாட்டின் முதுகெலும்பு. வயிற்றுக்கு இன்னொருவரை நம்பியிருக்கிறவனால் மனதில் பட்டதைத் துணிந்து பேச முடியாது. இது பிரகடனக்காரரின் கொள்கை. மூன்றாவது ஞாயிறு இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கமலாக்கா எழுந்து வெளியே போனார். என் அறுவை தாங்காமல் போகிறார் என்று நினைத்தேன். நமக்கு அது பழக்கம்தானே. அவரோ வாசலில் நின்று, "வாங்க மிஸ், ஒண்ணு காட்டுறேன்" என்றார்.

அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சரிவில் லீக்ஸ், போஞ்சி, நாலு பாத்தி கிழங்கு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவரும் புருஷனும் கல் பொறுக்கித் திருத்திய இடம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மகளைப் படிக்கவைத்து டீச்சராக்கியது இந்தப் பாத்திதான். இப்போது அதன் நடுவில் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சிகள். சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டப் போகிறார்களாம். மாத முடிவுக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார் தோட்டத்தை நடத்தும் தொரை. இடம் தன்னுடையது என்று காட்ட கமலாக்காவிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. அவர் ஒரு குச்சியைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"அந்தத் தொரைக்கு வெளங்கினது இந்தத் தொரைக்கு வெளங்கலீங்களே."

நம்பர் போட்ட மனு

அன்றைக்கே தோட்டக் கம்பனிக்கு மனு எழுத உட்கார்ந்தோம். நம் மனுக்களின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். 'தாழ்மையுடன்' தொடங்கி 'கடமைப்பட்டுள்ளோம்' என்று முடியும். நடுவில் விஷயம் மூச்சுத் திணறும். இந்த முறை பிரகடனத்தின் வரிசையிலேயே எழுதினோம். முதலில் எல்லாருக்கும் பொதுவான நியாயம். பிறகு, ராஜா செய்த குற்றங்களை பிரகடனக்காரர் அடுக்கிய மாதிரி, எங்களுக்கு நடந்தவை ஒவ்வொன்றாக. கடைசியில் என்ன வேண்டும் என்பது. ராஜா ஜெயித்திருந்தால் அங்கே கையெழுத்துப் போட்டவர்களின் தலை போயிருக்கும் என்பதையும் சொன்னேன். மறைத்துக் கையெழுத்து வாங்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேனாவைத் தொடவில்லை. பிறகு கமலாக்கா போட்டார். அவருக்குப் பின்னால் முப்பது பேர் போட்டார்கள்.

அடையாள அட்டை இலக்கத்தை எழுதுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தாளைத் திருப்பிப் பார்த்தால், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் பதிகிற தோட்டத்து நம்பரையே எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். பழகிய கை! "ஐயையோ, யார் யார் என்று தொரைக்கு நீங்களே காட்டிக் கொடுத்துவிட்டீர்களே!" என்று கத்திவிட்டேன். கமலாக்காவுக்கு என் கோபம் புரியவே இல்லை.

"காட்டத்தானே மிஸ் எழுதுனோம்?"

ஒரு வரி

நாலாவது ஞாயிறு தொரையே மடுவத்துக்கு வந்துவிட்டார். இளம் வயது, தமிழ் நன்றாகப் பேசினார். "இது வெளி ஆளுங்க தூண்டிவிட்டு எழுதின மனு" என்று என்னைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். முருகையா அண்ணன் எங்களிடமிருந்த மனுவின் பிரதியை நீட்டினார். "வெளியாளுக்கு இந்த நம்பரெல்லாம் எங்கங்க கெடைக்கும்? ஒங்க பதிவுலயே பாருங்க ஐயா." கூட வந்த கிளார்க் நம்பர்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் தோட்டத்து ஆட்கள்தான் என்று தலையாட்டினார். யாரைப் பார்த்துக் கத்தினேனோ அவர்கள் முகத்தில் முழிக்க எனக்குத் துணிவில்லை. அதன் பிறகு தொரை உட்கார்ந்து பேசினார். விடுதி வேறு பக்கம் போகும், பாத்தி இருக்கட்டும், கடிதம் தருகிறேன் என்றார்.

செயலமர்வு முடிந்துவிட்டது, ஆனாலும் அடுத்த வாரம் நானாகவே போனேன். கடிதம் வந்திருந்தது. எல்லாருக்கும் முன்னால், கமலாக்காவின் முழுப் பேரோடு படித்தேன்: கமலேஸ்வரி இத்தோட்டத்தில் வேலை செய்யும் காலம் வரை மேற்படி நிலத்தில் பயிரிடலாம். எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன். கமலாக்கா மட்டும் அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். கடிதத்தை வாங்கி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேலைய விட்ட அன்னைக்கே மண்ணும் போயிரும். அப்ப இது காணி இல்லீங்க மிஸ், கழுத்துக் கயிறு. பேனாவ எடுங்க."

பிரகடனக்காரர் ஒரே ஒரு பிரகடனத்தோடு பேர் வாங்கிப் போய்விட்டார். நாங்கள் காணியைச் சொந்தப் பேருக்கே கேட்டு மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறோம், இரண்டாவதற்கு இன்னும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில்தான் வருகிறது.