முப்பது ரூபாய் டீச்சர்

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் கல்லூரி முடித்துவிட்டு ட்யூஷன் எடுக்கிறாள். நேற்றுக் காலை கைபேசியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். யாரோ ஒரு தாய் அனுப்பியிருந்த செய்தி: 'ஃபீஸ் கொஞ்சம் கொறச்சுக்கோங்க மேடம், நீங்க எப்படியும் வீட்லதானே இருக்கீங்க.' அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது பார்த்து பக்கத்து வீட்டிலிருந்து ரவை வறுக்கிற வாசனையும் வந்து தொலைத்தது.

ரவை வறுக்கிற வாசனைக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு உண்டு. மைசூரில் உப்புமாவை உப்பிட்டு என்று சொல்வோம். ஜெயலட்சுமிபுரத்தில் ஒரு காண்ட்ராக்டர் வீட்டில் தினமும் மாலையில் அதைத்தான் கொடுப்பார்கள், ஒரு டம்ளர் காபியோடு. நான் ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் சாப்பிடுவேன். அந்த உப்பிட்டு என் சம்பளத்தில் கழிகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறியிருந்த புதிது. அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. கண் பார்வை மங்கிப்போய் முன்னதாகவே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். நான் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, சாமராஜபுரத்திலிருந்து வீடு வீடாக நடந்து போய் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் குடை, காலில் அம்மாவின் செருப்பு. ஒரு சுற்று பெரிதான அந்தச் செருப்பு தார் ரோட்டில் போடுகிற சத்தத்தை வைத்தே பிள்ளைகள் நான் வருவதைக் கண்டுபிடித்துப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள்.

எவ்வளவு கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே யோசித்தேன். பாடம் சொல்லும் நேரம் மட்டும் நேரம் இல்லை, நடக்கிற நேரமும் என்னுடையதுதான். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குகளைப் போட்டுப் பார்க்கிற நேரமும் என்னுடையதுதான். எல்லாம் சேர்த்து மாதம் நாற்பது ரூபாய் நியாயம் என்று தோன்றியது. வசதியில்லாத வீடென்றால் அவர்களால் முடிந்தது. மனதுக்குள் இது மிகத் தெளிவாக இருந்தது. வாயைத் திறந்ததும்தான் குழறியது.

காண்ட்ராக்டர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். கட்டடம் கட்டிக் கட்டியே பணக்காரர் ஆனவர். அவர் மகள் சுமித்ரா எஸ்.எஸ்.எல்.சி. நல்ல பெண்தான், கணக்கு என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

"நாற்பதுங்களா," என்றார் அவர், ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே. "நம்ம ஜனத்துக்குள்ள இப்படிக் கேக்கலாமுங்களா அம்மிணி? ஸ்வல்ப கொறச்சுக்குங்க. தினம் காப்பி, திண்டி எல்லாம் கொடுத்துருவோமல்ல."

திண்டி என்றால் கன்னடத்தில் பலகாரம், ஸ்வல்ப என்றால் 'கொஞ்சம்'. அந்த ஒரு வார்த்தையில் பத்து ரூபாய் போயிற்று. முப்பதுக்குச் சம்மதித்துவிட்டு வெளியே வந்தேன். அதைக் கேள்விப்பட்டு மற்ற வீடுகளிலும் பிறகு அதே முப்பதுதான் கொடுத்தார்கள். ரோட்டில் நடக்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன. என் அறிவு எப்போதும் அப்படித்தான், கேட்டைத் தாண்டிய பிறகுதான் வேலை செய்யும்.

அந்த வீட்டுப் பையனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர ஒருவர் சைக்கிளில் வருவார். ஒருநாள் கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்து, "உங்களுக்கு இங்க எவ்வளவு குடுக்கறாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் துடைத்தார். "எனக்கு அறுபது," என்றார். "உங்களதுதான் கஷ்டமான பாடம்."

மறுநாள் நான் உப்பிட்டைத் தொடவில்லை. நேராக ஊஞ்சலுக்கு முன்னால் போய் நின்று கேட்டேன்.

"அவுரு குடும்பஸ்தருங்க அம்மிணி. பொண்டாட்டி, புள்ளைங்க இருக்குது."

"எங்க வீட்டிலயும் அஞ்சு பேர் சாப்பிடணும் சார்."

"இருக்கட்டுமுங்க. நாளைக்குக் கண்ணாலம் கட்டிட்டுப் போற பொண்ணு நீங்க. உங்களுக்கு இது பூவுக்கும் பொட்டுக்கும் ஆகற காசு."

என் அப்பாவின் கண் மருந்து அந்தக் காசில்தான் வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் அது கெஞ்சுவதாக ஆகிவிடும். "இனிமே எனக்கும் அறுபது. இல்லேன்னா நான் வரலை," என்றேன். அந்த முறை பதில் கேட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டது.

"பரீட்சைக்கு ரெண்டு மாசந்தானுங்களே இருக்குது. என்ற பொண்ணு மொகத்தையாவது பாருங்க," என்றார். நான் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து சுமித்ரா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஜியாமெட்ரி பாக்ஸ். "டீச்சர், ட்ரிக்னாமெட்ரி ஒண்ணுமே புரியல," என்றாள். அவள் உதடு துடித்தது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். "உள்ள வா," என்றேன். பரீட்சை வரைக்கும் தினமும் வந்தாள். காசு கேட்கவில்லை. அந்தச் சின்னப் பெண் அப்பாவுக்குத் தெரியாமல் அவ்வளவு தூரம் வருகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. என்னை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை.

பெருமை அதிக நாள் நிற்கவில்லை. சரஸ்வதிபுரத்தில் நான் போய்க்கொண்டிருந்த இன்னொரு வீட்டில் டாக்டரின் மனைவி, ரொம்ப மரியாதையாகக் கன்னடத்தில் கேட்டார்: காண்ட்ராக்டர் பெண்ணுக்குச் சும்மாவே சொல்லித் தருகிறீர்களாமே, எங்களிடம் மட்டும் ஏன் முப்பது வாங்குகிறீர்கள்? காண்ட்ராக்டரே வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். தங்கமான பெண், காசே வாங்குவதில்லை என்று. அவர் என்னைப் புகழப் புகழ என் விலை இறங்கிக்கொண்டே வந்தது.

அன்றே எல்லா வீடுகளிலும் நாற்பது என்று சொன்னேன். ஒரே தடவைதான் சொன்னேன். டாக்டர் வீடு உட்பட இரண்டு வீடுகள் போயின. அந்த மாதம் வீட்டில் ராத்திரிச் சமையல் கஞ்சியோடு நின்றது.

சுமித்ரா கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள். காண்ட்ராக்டர் வீட்டு ஆள் ஒரு தட்டைக் கொண்டுவந்தான். பழம், சிரோட்டி என்கிற அந்த ஊர் இனிப்பு, ஒரு சேலை. தட்டை அப்படியே திருப்பி அனுப்பினேன். அதையும் அவர் கடையில் பேரம் பேசித்தான் வாங்கியிருப்பார். "சேலை நல்லா இருந்ததுடி," என்று அம்மா மட்டும் முணுமுணுத்தாள்.

ரொம்ப வருஷங்கள் கழித்து நஞ்சன்கூடு ரயிலில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்தாள். சுமித்ரா. தலை பாதி நரைத்திருந்தது. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க வீட்டுக்கு என்னை அனுப்பினதே அவருதான் டீச்சர். 'போய் வாசல்ல நில்லு, அழுவற மாதிரி நில்லு. அந்த அம்மிணி வெரட்டாது. காசும் கேக்காது' அப்படின்னாரு. எவ்வளவு கரெக்டா ஆளைக் கணிச்சிருக்காரு பாருங்க."

அவளுக்கு அது அப்பாவைப் பற்றிய நல்ல ஞாபகம். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நஞ்சன்கூடு வரும்வரை இருவரும் ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மறுவாரம் ஜெயலட்சுமிபுரத்துக்குப் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். செத்தவரோடு சண்டை போட முடியாது என்று எனக்கும் தெரியும். அந்த ஊஞ்சலின் முன்னால் ஒருமுறை நின்று, தொண்டையில் இருப்பதை உரக்கச் சொல்லிவிட்டு வந்தால் போதும் என்று இருந்தது. வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே நடந்தேன். வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக்கு அடுக்கு வீடு எழும்பியிருந்தது. தெருவில் நிழல் தந்த மரங்களும் இல்லை. காவலுக்கு நின்ற ஆள் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். காண்ட்ராக்டரின் பெயரைச் சொன்னேன்.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா," என்றார்.