பச்சைக்கல் மோதிரத்துக்குக் கிடைத்த துப்பு

மூன்றாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறையில் எனக்கும் அண்ணனுக்கும் துப்பறியும் பைத்தியம் முற்றியிருந்தது. லெண்டிங் லைப்ரரியில் எடுத்த கதையில் எங்கள் வயதுப் பிள்ளைகள் காணாமல்போன புதையலைக் கண்டுபிடித்துப் போலீசுக்கே பாடம் நடத்தினார்கள். எங்கள் அடையாறு ஃபிளாட்டில் உருப்படியாக எதுவும் தொலையவில்லையே என்று எங்களுக்குப் பெரிய குறை. கடவுள் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. சித்தியின் மோதிரம் தொலைந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கிப் பெருங்குடிக்கு வேலைக்குப் போய்வந்தாள். நிச்சயதார்த்தத்தில் வருங்கால மாமியார் போட்டுவிட்ட பச்சைக்கல் மோதிரம் அது. அன்று காலை கல்யாணப் புடவை எடுக்கக் கிளம்புமுன், மஞ்சளைப் பிசைந்து பிள்ளையார் பிடித்துப் பூஜை செய்தவள் சித்திதான். தி. நகரிலிருந்து திரும்பியதும் பார்த்தால் விரல் வெறுமையாக இருந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அந்த அம்மாளுக்குச் சகுனம் என்றால் உயிர்.

“தொலைஞ்சதுன்னு தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க” என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

நாங்கள் டார்ச்சோடு இறங்கினோம். அரிசி டிரம், வாஷிங் மெஷின், செருப்பு ஸ்டாண்டு எதையும் விடவில்லை. அதற்குள் அம்மாவுக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டாள். ஊரூர் குப்பத்திலிருந்து வீடு பெருக்க வரும் அக்காவின் பையைத் தரையில் கொட்டச் சொன்னாள். ஒரு சீப்பும் மாத்திரை அட்டையும் விழுந்தன.

“நான் எடுக்கலம்மா. பெருக்கிக்கினு இருந்தேன், அவ்ளோதான். என் புள்ளைங்க மேல சத்தியம்.”

“அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு” என்று அம்மா போனை எடுத்தாள்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் எனக்குப் பின்னல் போட்டுவிடுபவள் அவள். அவளைப் போலீஸ் கூட்டிப்போகும் என்று எங்கள் கதைப் புத்தகம் சொல்லவே இல்லை.

அதுவரை சமையலறைக் கதவோரம் நின்ற சித்தி எங்களிடம் வந்தாள்.

“பிள்ளையாரைப் பாத்தீங்களாடா?”

“சாமியைத் தொடக் கூடாதே” என்றான் அண்ணன். பூஜை முடிந்த பிள்ளையாரை வாடிய பூவோடு சேர்த்து, இருட்டுமுன் அப்பா பெசன்ட் நகர் கடலில் கரைத்துவிடுவார். அதுவரை யாரும் கைவைப்பதில்லை.

“பரவால்ல. உடைச்சுப் பாரு.”

உடைத்தான். மஞ்சளுக்குள் பச்சையாக மின்னியது.

அம்மா எங்களை மாறி மாறிக் கட்டிக்கொண்டாள். “பிசையறப்போ கை வழுக்கிக் கழண்டிருக்கு, பாரேன்!” அக்காவுக்குக் காபி கலந்து கொடுத்தாள். அக்கா அதைத் தொடவில்லை. சித்தியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மோதிரத்தைக் கழுவிச் சித்திக்கு நான்தான் போட்டுவிட்டேன். கண்டுபிடித்தவர்களுக்கு அந்த உரிமைகூட இல்லையா? அது லேசில் ஏறவில்லை. விரல் முட்டியில் சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துத் திருகித் திருகி ஏற்றினேன். நிமிர்ந்தபோது சித்தியின் கண்ணில் தண்ணீர்.

“வலிக்குதா சித்தி?”

“இல்லடி. போடு.”

மோதிரம் இறுக்கமாக இருப்பதால் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.