கொன்ட்ரோலர் அதிருதோ?

இப்போது வருகிற கேம்களில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு: அவற்றில் சாவுக்கு மரியாதையே இல்லை. மலையிலிருந்து விழுந்து செத்தால் திரை கறுக்கும். ஒரு மிடறு தேத்தண்ணி குடிப்பதற்குள் அதே மரத்தடியில் எழும்பி நிற்போம். கை கால் முழுசாக இருக்கும், முகத்தில் ஒரு கீறல்கூட இராது. இதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று நான் எத்தனையோ தரம் திரையைப் பார்த்து ஏசியிருக்கிறேன்.

நாற்பதை எட்டப்போகிற ஒருத்தி, கந்தோரில் வேலை செய்கிறவள், பின்னேரம் வீட்டுக்கு வந்து சாறியை மாற்றிவிட்டுக் கொன்சோலுக்கு முன்னால் குந்துகிறாள் என்றால் ஊர் சிரிக்கும்தான். சிரிக்கட்டும். நாடகம் பார்த்து மூக்கைச் சிந்துகிறவர்களை நான் சிரிப்பதில்லையா? சிரிக்கிறேன்தான், அது வேறு கதை.

கொன்சோல் கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்து தந்தது. விளையாட்டில் எனக்குக் கூட்டாளியும் எதிரியும் என் தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு ஓர்ஸ் ஹில் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் சுழியோடி. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கிக் கடலின் அடியில் கடலட்டை பொறுக்குவது அவன் தொழில். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் படுத்துக் கிடக்கும். அப்போது ஒவ்வொரு நாளும் விடியப் போய் மத்தியானம் வந்துவிடுவான். குளித்து, சாப்பிட்டு, ஒரு நித்திரை போட்டு எழும்ப நான் கந்தோரால் வந்திருப்பேன். பிறகு கையில் தேத்தண்ணியோடு இருவரும் திரைக்கு முன்னால்.

இந்த இரண்டு மூன்று வருடத்தில் நாங்கள் பார்க்காத சாதிக் கேம் இல்லை. ஒன்றில் குதிரையில் ஏறினால் ஒரு நாடு முழுக்கச் சுற்றலாம். புல் காற்றுக்குச் சாயும் அழகு இருக்கிறதே, அதற்காகவே கும்பிடலாம். ஆனால் போகிற இடமெல்லாம் வேலை. பூப் பறி, தோல் உரி, இந்தக் கிழவனின் பொதியை அந்தக் கிழவனிடம் கொண்டுபோய்க் கொடு. கந்தோரிலும் இதைத்தானே செய்கிறேன், இங்கே குதிரை மட்டும் மேலதிகம் என்று பாதியில் விட்டுவிட்டேன். இன்னொன்று கார் ஓட்டுவது. அது தம்பிக்குச் சரி. எனக்கு வளைவில் தலை சுற்றும்.

கடலுக்கு அடியில் நீந்துகிற கேம் ஒன்றை நான் ஆசையாக எடுத்தேன். நீலம் என்றால் அப்படியொரு நீலம். தம்பி பத்து நிமிடம் பார்த்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, இவனைப் பாருங்கோ. அடியில இருந்து ஒரே இழுவையில மேல வாறான். வந்து பல்லையும் காட்டுறான்!"

"வந்தா என்ன?"

"நாங்கள் அப்பிடி வந்தா அடுத்தநாள் மாதா கோயிலில துக்கமணிதான்."

ஆழத்தில் தண்ணீர் ஆளை அமுக்கும்போது மூச்சுக் காற்று இரத்தத்துக்குள்ளும் மூட்டுக்குள்ளும் ஏறிவிடுமாம். ஆறுதலாக, நின்று நின்று மேலே வந்தால் அது மூச்சோடு வெளியே போய்விடும். அவசரப்பட்டு வந்தால் உள்ளேயே குமிழியாகப் பொங்கும். குலுக்கிய சோடாப் போத்தலைத் திறந்தால் நடப்பதுதான்.

"அப்ப நீ ஆறுதலாத்தானே வாறனி?" என்று கேட்டேன்.

"வாறனான்," என்றான். பிறகு, "எல்லா நேரமும் ஏலாது அக்கா. ஒண்டு முடிய மற்றச் சிலிண்டர் எண்டு போய்க்கொண்டிருக்கேக்க ஆர் நிண்டு பாக்கிறது?" என்றான். எனக்கு அந்த நீலம் அன்றோடு வெறுத்துவிட்டது.

அந்த வருத்தத்துக்குப் படகில் பெயர் கிடையாது. 'பிடிச்சிட்டுது' என்பார்கள், அவ்வளவுதான். பிடித்தால் அவர்களிடம் ஒரு வைத்தியமும் இருக்கிறது, கேட்டால் எனக்குப் பற்றி எரியும். இன்னொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பிடித்த ஆளை மறுபடியும் தண்ணிக்குள் இறக்குவார்கள். ஆழத்துக்குப் போனதும் நோவு மாயமாய்ப் போய்விடும். கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்துவிட்டு வந்தால் சுகம் என்று கணக்கு. முதல் தரம் தம்பிக்குத் தோளில் பிடித்தபோதும் அதைத்தான் செய்தான். செய்துவிட்டு வந்து எனக்குப் பகிடியாகச் சொன்னான்: "கடல் தந்ததைக் கடலிலேயே குடுத்துப்போட்டு வந்திட்டன்."

"கடல் என்ன உன்ர மாமியார் வீடோ, குடுத்து வாங்க?" என்று ஏசினேன். சிரித்தான். நானும் சிரித்தேன்தான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பேய்க் கேம். ஆளில்லாத ஒரு துறைமுகம், துருப்பிடித்த பாரந்தூக்கிகள், நாங்கள் அங்கே தனியே நடக்க வேண்டும். கண்ணில்லாத ஏதோ ஒன்றும் அங்கே நடக்கிறது. எங்கள் கண்ணுக்கு அது லேசில் தெரியாது, அது வருகிற சத்தமும் கேளாது. புதுக் கொன்ட்ரோலர்களின் அதிர்வு பழையதுபோல வெறும் உதறல் இல்லை. மழை பெய்தால் உள்ளங்கையில் தூறும், மரப்பாலத்தில் நடந்தால் பலகை பலகையாகத் தட்டும். படத்தைவிட எனக்கு அதுதான் பெரிய அதிசயம். இந்தக் கேமில் பயம் முழுக்க அந்த அதிர்வில்தான். அது இடப்பக்கத்தால் வந்தால் இடக்கையில் முதலில் துடிக்கும், வலப்பக்கத்தால் வந்தால் வலக்கையில். துடித்த உடனே மூச்சை அடக்குகிற விசையை அமத்தி அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் தப்பினோம்.

மூச்சை அடக்குவது என் தம்பியின் தொழிலல்லவா. நான் கத்திக் குழறிச் சாகிற இடங்களை அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே தாண்டுவான். இரண்டு கிழமை எனக்கு வீட்டில் மரியாதையே இல்லை.

பிறகு ஒரு பின்னேரம் அவன் செத்துக்கொண்டே இருந்தான். பழைய மீன்கிட்டங்கி ஒன்றின் வாசலில், அதே இடத்தில், மறுபடி மறுபடி. அந்தக் கண்ணில்லாத சாமான் இடப்பக்கத்தால் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. அவன் விசையைத் தொடவே இல்லை.

"டேய், இடக்கையில அடிக்குமே. நித்திரையோ?"

"எங்க அடிக்குது? ஒண்டும் அடிக்கேல்லை."

நான் கொன்ட்ரோலரைப் பறித்தேன். அது என் கைக்குள் பிடித்த கோழி மாதிரித் துடித்தது.

"அப்ப இது பழுதாப்போச்சு," என்றான். என்னுடையதைக் கொடுத்தேன். அதிலும் செத்தான். பிறகு என்னைப் பாராமல் தேத்தண்ணிக் கப்பை எடுத்தான். நான் அப்போதுதான் ஊற்றி வைத்த தேத்தண்ணி, ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் கப்பின் காதைப் பிடிக்கவில்லை. இடக்கை முழுவதாலும் பொத்திப் பிடித்திருந்தான். கப்பை வாங்கி வைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்து போயிருந்தது.

"எப்ப இருந்து?"

"முந்தநாள். விரல் கொஞ்சம் மரத்துக் கிடக்கு. அது போயிடும்."

"எங்க போகும்? இண்டைக்கே வெளிக்கிடு. அந்த இரும்பு அறைக்குப் போவம்."

அந்த அறை தூரத்தில் இல்லை. ஆளை உள்ளே படுக்க வைத்துக் கதவை மூடி, கடலடியில் இருப்பதுபோலக் காற்றால் அமுக்கி, மெல்ல மெல்ல அமுக்கத்தை விடுகிற அறை. எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் போனால் ஒரு பாட்டுக் கேட்டு முடியாது. ஆனால் அது நேவிக் காம்புக்குள் இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் கேற்றைத் தாண்டி நடக்கும்போது இப்போதும் தங்களை அறியாமல் கதையை நிறுத்துவார்கள். சண்டைக் காலத்தில், எங்கள் சின்ன வயதில், அம்மா எங்களைக் கையில் பிடித்து ரோட்டின் மற்றப் பக்கத்துக்கு மாற்றுவா. இப்போது அங்கே யாரும் எங்களை ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் கால் மற்றப் பக்கத்துக்குத்தான் போகும்.

"அந்தக் கேற்றுக்குள்ள நான் வரமாட்டன்," என்றான். "பேர், விலாசம், ஆர், எவர் எண்டு கேப்பினம். வேண்டாம் அக்கா. நாளைக்கு இறங்கேக்க இதையும் கழட்டிப்போட்டு வாறன்."

"கழட்டுறதுக்கு அது என்ன சேர்ட்டோ? விசரா! கை போனா அடுத்தது என்ன எண்டு தெரியுமோ உனக்கு?"

தெரியும். எங்கள் கோயிலுக்கு, கால் விளங்காமல் சில்லுக் கதிரையில் வருகிற ஒருவரை இருவருக்கும் தெரியும். ஒரு காலத்தில் தம்பியின் படகில் போனவர். அவரும் சுகம் எடுக்கவென்று மறுபடி இறங்கினவர்தான். நான் அவரைச் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம்.

அடுத்தநாள் நான் எழும்பும்போது அவன் போய்விட்டிருந்தான். கந்தோர் யன்னலால் பார்த்தால் உட்துறைமுகம் தெரியும். அன்று தண்ணி அசையாமல், எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஒரு கப்பல் நின்றது, ஆள் நடமாட்டம் தெரியவில்லை. அந்தக் கேமில் வருகிற துறைமுகமும் இப்படித்தான் கிடக்கும், ஏதோ வரப்போகிறது என்று முதலே தெரிந்ததுபோல. நான் ஒரு வேலையும் செய்யவில்லை. மேசையில் கையை விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாய்த் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையிடி என்று சொல்லி அரைநாளோடு வெளிக்கிட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவன் குளித்து, தலை சீவி, விறாந்தைக் கதிரையில் இருந்தான். முகத்தில் ஒரே வெளிச்சம்.

"போட்டுது அக்கா! கீழ போன உடனேயே விட்டிட்டுது. சொன்னனானெல்லே?"

"கையைக் காட்டு."

விரல்களை மடக்கி விரித்துக் காட்டினான். மடங்கியது, விரிந்தது. ஆனால் மடக்கும்போது கண்ணால் விரலைப் பார்த்துக்கொண்டே மடக்கினான். எனக்குப் பிடிக்கவில்லை. கிள்ளிப் பார்த்தால் நோகுது என்றுதான் சொல்வான். சின்ன வயதில் காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடினவன் இவன்.

"சரி, அப்ப கேமைப் போடுவம். அந்த வாசலைத் தாண்டிக் காட்டு," என்றேன்.

அவன் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போன நேரத்தில் செற்றிங்ஸுக்குள் போனேன். அதிர்வு என்ற இடத்தில் 'இல்லை' என்று மாற்றினேன். கொன்ட்ரோலரைக் கையில் வைத்துப் பார்த்தேன். விறகுக்கட்டை மாதிரிச் செத்துக் கிடந்தது.

அவன் வந்து இருந்தான். துறைமுகம், பாரந்தூக்கி, கிட்டங்கி வாசல். திரையின் இடப்பக்கத்தில் நிழல் ஒன்று லேசாக அசைந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ செபம் சொல்லியிருக்கிறேன், இப்படியொன்று சொன்னதில்லை. மாதாவே, இவன் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். 'என்ன அக்கா, இது செத்துக் கிடக்கு' என்று என்னை ஏச வேண்டும்.

"அதிருதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா," என்றான் உடனே. "நல்லா அடிக்குது. இடக்கையில."

நேற்றுச் செத்துச் செத்துப் பாடமாக்கிய வாசல், நிழலைக் கண்டு விசையை அமத்தினான். அந்தச் சாமான் அவனைக் கடந்து போனது. வாசலைத் தாண்டிவிட்டான். வெற்றிச் சிரிப்போடு என் பக்கம் திரும்பினவன் என் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்தினான். செற்றிங்ஸைத் திறந்து காட்டினேன். அவன் அந்த ஒரு சொல்லைக் கனநேரம் வாசித்தான். பிறகு கொன்ட்ரோலரை மேசையில் வைத்தான். மேசை விளிம்பு எங்கே என்று பார்த்துப் பார்த்து வைத்தான்.

"வலக்கையும் அப்பிடித்தான்," என்றான். "காலையில இருந்து."

எனக்கு அழுகை வந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன், கடலை ஏசினேன், படகுக்காரரை ஏசினேன், அவன் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்தும் கொண்டேன். எல்லாம் முடிய, "கேற்றடியில நீங்கள் கதையுங்கோ," என்றான். "எனக்கு ஏலாது."

சந்தியில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டேன். வாசற்படியில் ஒருதரம் இடறினான், சுவரைப் பிடித்துக்கொண்டான். வழியில், ஊருக்குள் எப்போதும் திரிகிற மான்களில் இரண்டு ரோட்டை மறித்து நின்றன. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார், அவை போகிற எண்ணத்தில் இல்லை. தம்பி, "அதுகளுக்கு ஒரு அவசரமும் இல்லை," என்று சொல்லிச் சிரித்தான். நான் அவன் கையைப் பிடித்திருந்தேன். பிடித்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியுமோ என்று யோசித்துக்கொண்டே பிடித்திருந்தேன்.

கேற்றடியில் நான் முதலில் இறங்கினேன். பின்னேர வெயில், தார் ரோடு கொதித்தது, செருப்பைத் தாண்டியும் எனக்குச் சுட்டது. காவலுக்கு நின்ற பெடியன் என்ன என்று கேட்டான். சிங்களத்திலும் தமிழிலும் கலந்து, சுழியோடி, பிடித்துவிட்டது, கை மரத்துப்போனது என்று சொன்னேன். அவன் என்னைத் தாண்டித் தம்பியின் காலைப் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன்.

தம்பி ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி வெயிலில் நின்றான். வலக்காலில் செருப்பு இருந்தது. இடக்கால் வெறுங்காலாகத் தாரில் ஊன்றியிருந்தது.

"உன்ர மற்றச் செருப்பு எங்க?" என்று கேட்டேன்.

அவன் கேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், குனியவில்லை.

"ரெண்டும் காலிலதானே கிடக்கு, அக்கா."