கிரேனுக்குக் கிடைத்த நாற்காலி

எங்கள் கிடங்கில் அவனுக்குக் கிரேன் என்று பெயர் வைத்தவன் நான்தான். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய மூட்டையைத் தனி ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு, பேச்சையும் நிறுத்தாமல் நடப்பான். ஒருநாள் லாரிப் பலகையில் கால் மடங்கி மூட்டையோடு விழுந்தான். எட்டுப் பேர் பார்த்தோம், மேஸ்திரியும் பார்த்தார். சாட்சி இல்லாமல் விழுந்திருந்தால் அன்றோடு அவன் பிழைப்பு போயிருக்கும்.

நான்கு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு, டாக்டர் சீட்டோடு வந்தான். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, படி ஏறக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது. வேலையில் அடிபட்டவனுக்கு அவனால் முடிந்த வேலையைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அலுவலகத்து மேனேஜர் அம்மா தேடினார். சரக்குக் கணக்குப் பார்க்க இவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வாசலில் காவலுக்குப் போட்டால் நிற்க முடியாது. கடைசியில் லாரி வந்து நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு, கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்தார். எந்த ஜோடி எத்தனை நிமிடத்தில் லாரியைக் காலி செய்கிறது, யார் நடுவில் நிற்கிறார்கள் என்று எழுத வேண்டும். இதுதான் பொருத்தமான வேலை என்றார். பொருத்தமில்லாமல் என்ன, பாம்பின் கால் பாம்பறியும். தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுகிற சாக்கில் நாங்கள் இடுப்பை ஆற்றிக்கொள்வது அவனைத் தவிர எந்த அதிகாரிக்குத் தெரியும்?

முதல் மாதம் எல்லோருக்கும் ஒரே நேரம் எழுதினான். நாங்கள் சிரித்துக்கொண்டோம். மேனேஜர் அம்மா அவனைக் கூப்பிட்டு, இப்படித்தான் எழுதுவீர்கள் என்றால் இந்த நாற்காலி எதற்கு, வேறு வேலையும் என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவன் வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். மறுநாளிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதினான். அவனோடு டீ குடிக்கப் போவதை நிறுத்தினேன்.

பதினொரு வருடம் அவனுக்கு ஜோடியாக லாரி இறக்கியவன், அவனுடைய தங்கை புருஷன். எங்கள் எல்லோருக்குமே அவன் மாப்பிள்ளைதான். அந்த மாப்பிள்ளையின் வலது கால் பலகையில் ஏறும்போது லேசாக இழுப்பதை, நாற்காலியில் இருந்தபடியே கிரேன் பார்த்துவிட்டான். விழுவதற்கு முன்னால் அவனுக்கும் அப்படித்தான் இழுத்தது, அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை ரோஷக்காரன், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான். இரண்டு நாள் யோசித்துவிட்டு, நேரம் எழுதும் தாளின் ஓரத்தில், இவருக்கு இடுப்பு வலி, கால் இழுக்கிறது, லேசான வேலை கொடுக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அடிபட்டவனுக்கு வேலை தேடியவர்கள் அடிபடப் போகிறவனுக்கும் தேடுவார்கள் என்று நம்பியிருக்கிறான், மடையன்.

மாப்பிள்ளையை டாக்டரிடம் அனுப்பினார்கள். இவர் இனி மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அம்மா அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, எந்தத் தேதியில் எங்கே அடிபட்டது என்று கேட்டார். எங்கே அடிபட்டது? பதினொரு வருடமாகத் தேய்ந்திருக்கிறது, தேய்ந்ததற்குத் தேதி ஏது? விபத்து நடக்காததால் மாற்று வேலை கிடையாது. தூக்கக் கூடாது என்று சீட்டு இருப்பதால் பழைய வேலையும் கிடையாது. அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிரேன் மாடியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய், தன் நாற்காலியை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடும்படி கெஞ்சினான். நீங்கள் படி ஏறக் கூடாதென்று சீட்டில் இருக்கிறதே என்று மேனேஜர் அம்மா அக்கறையாகச் சொல்லி அனுப்பினாராம். நாசமாய்ப் போகிற அக்கறை.

அன்று மாலை அவன் தங்கை வீட்டுக்குப் போனான். தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் போனேன். தங்கை கதவைத் திறந்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளை பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

"நீயும் என்னை மாதிரி விழுந்துடக் கூடாதேன்னுதான் எழுதினேன் மாப்ளே," என்றான் கிரேன்.

அடிக்க வருவான் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றேன். மாப்பிள்ளை எழுந்திருக்கக்கூட இல்லை.

"இன்னும் பத்து நாள்ல நானே விழுந்திருப்பேன் மச்சான். அதுவரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"