வில்லன் பக்கத்தில் நின்ற பெண்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள்.

அமுதா அக்கா எனக்குப் போன் செய்கிற ஆள் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். பின்னணியில் எதையாவது தாளிக்கிற சத்தம் கேட்கும், பாதியில் நின்றுவிடும். நேராகக் கூப்பிட்டாள் என்றால் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

நலம் விசாரிக்கவில்லை. பசியாறினாயா என்று கேட்கவில்லை. ஒரே கேள்விதான்.

"யாருடி அந்தப் பொம்பள?"

எந்தப் பொம்பளை என்று கேட்டேன்.

"ஒன் புக்குல. இவரு பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறாளே, அவ."

நான் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியில் இரண்டு கெட்ட செய்திகள் இருந்தன. ஒன்று, என் புத்தகம் அக்கா ஊரான பாலோ வரைக்கும் போய்விட்டது. இரண்டு, அக்கா 'இவரு' என்று சொன்னது என் கதையின் வில்லனை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நானும் என் தோழி ஸ்டெல்லாவும் சேர்ந்து ஒரு தமிழ் காமிக்ஸ் புத்தகம் போட்டோம். இது விளம்பரம் இல்லை... சரி, கொஞ்சம் விளம்பரம்தான். கதை நான், படம் அவள். ஸ்கூடாயில் எங்கள் குடியிருப்புத் தாமானிலேயே இருக்கிறாள். ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் டப்பாக்களுக்கு டிசைன் போடுவது அவள் வேலை. மிச்ச நேரத்தில் எனக்காகத் திருடர்களை வரைந்தாள்.

ஏன் நாங்களே போட்டோம்? வேறு யார் போடுவார்கள்? ஒரு பதிப்பாளரைப் பார்க்கப் போனோம். தமிழிலா என்று கேட்டார். ஆமாம் என்றோம். காமிக்ஸா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றோம். அதற்குப் பிறகு அவர் புத்தகத்தைப் பற்றியே பேசவில்லை. ஆளுக்கொரு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்து, அக்கறையோடு காடி வரைக்கும் வந்து, கதவைத் திறந்துவிட்டு வழியனுப்பிவைத்தார்.

புத்தகக் கடைக்காரர் ஒருவர் இதிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வருமா என்று விசாரித்தார். வராது என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஆகவே நாங்களே அச்சடித்தோம். அச்சகத்துச் சீன அங்கிளுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் ஸ்டெல்லா போய்ப் பக்கங்களைச் சரிபார்க்கும்போது, வில்லன் பாயசத்தில் வழுக்கி விழுகிற இடத்தில் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தாராம். எங்கள் முதல் ரசிகர் அவர்தான். அப்போதே எனக்கு ஒரு விஷயம் உறைத்திருக்க வேண்டும் – காமிக்ஸை வாசிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். உறைக்கவில்லை.

புத்தகத்தின் பெயர் 'குத்துவிளக்கு மர்மம்'. ஜொகூர் மாநிலம் முழுக்கக் கல்யாண மண்டபங்களில் குத்துவிளக்குகள் காணாமல் போகின்றன. கல்யாணத்துக்குப் படம் பிடிக்க வரும் ஒரு பெண், தான் எடுத்த படங்களை வைத்தே திருடனைப் பிடிக்கிறாள். திருடன் ஒரு மண்டபத்து மேனேஜர். பெயர் டைகர் தனபாலன். அவனுக்குத் துணையாக ஒரு பெண்.

கூட்டத்தை வரைய முகங்கள் வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டாள். சொந்தக்காரப் பையன் ஒருவனின் கல்யாணப் படங்கள் என் போனில் இருந்தன. மொத்தமாக அனுப்பிவைத்தேன். கூட்டத்துக்காக அனுப்பினேன். நன்றாகக் கவனியுங்கள், கூட்டத்துக்காக.

அச்சாகி வந்த பெட்டியைப் பிரித்து, முதல் பிரதியை முகர்ந்து பார்த்துவிட்டு – எல்லா எழுத்தாளர்களும் செய்வதுதான், வெளியே சொல்வதில்லை – நடுப்பக்கத்தைத் திறந்தேன். என் அக்கா வீட்டுக்காரர் செல்வம் அத்தான், பூப்போட்ட பத்திக் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, என்னை முறைத்தார். காலடியில் திருட்டு விளக்குகள்.

அதே மீசை. அதே தொப்பை. முன்பல்லில் அதே இடைவெளி. என்னிடம் வந்த கரட்டுப் படங்களில் வில்லனுக்கு முகமே இருக்கவில்லை, வெறும் முட்டைதான். முட்டைக்குள்ளிருந்து அத்தான் வருவார் என்று நான் கண்டேனா?

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் நிதானமாக, "இவரு ஒன் அத்தானா? மூஞ்சியில ஒரு திமிர் இருந்துச்சு லா, எனக்கு விட மனசு வரல" என்றாள்.

அலமாக் என்று தலையில் கை வைத்தேன். அத்தனை பிரதியும் அச்சாகிவிட்டது. என்ன செய்ய முடியும்?

யோசித்துப் பார்த்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. நம் ஊரில் புத்தக வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிரமுகர்கள் மேடையேறுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அது காடியின் பின்சீட்டில் வாழத் தொடங்கிவிடும். நம்மவர்கள் புத்தகம் வாங்குவது அன்பினால். வாசிப்பது வேறு இலாகா. அந்த இலாகா எனக்குக் கை கொடுக்கும் என்று மலைபோல் நம்பினேன். ஸ்கூடாயில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீட்டை வைத்து, பாலோவில் இருக்கும் அக்காவிடம் மூச்சு விடாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் வெளியீட்டுக்கு வந்த ஓர் ஆசிரியை பாலோக்காரர். மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், பார்க்க வந்தவர் அப்படியே மண்டபத்துக்கும் வந்திருக்கிறார். புத்தகம் முறைப்படி பின்சீட்டுக்குப் போனது. ஊர் திரும்பியதும் அவர் டயர் மாற்றப் போயிருக்கிறார். பாலோவில் டயர் கடை வைத்திருப்பது யார்? செல்வம் அத்தான்.

பெரிய நாடுகளில் எழுதுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே புத்தகம் முகம் தெரியாத ஆட்களிடம் போகும். இங்கே தமிழில் புத்தகம் போட்டால், யாரிடம் போகக்கூடாதோ அவரிடம்தான் முதலில் போகும்.

அத்தானுக்குக் கோபம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் அந்தப் பிரதியை ஆசிரியையிடம் கேட்டு வாங்கி, நடுப்பக்கத்தை விரித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டாராம். செம்பனைத் தோட்டத்து லோரி டிரைவர்கள் 'டைகர், டயர் ரெடியா' என்று கேட்கிறார்களாம். பாயசத்தில் வழுக்கி விழுவது மட்டும் கௌரவக் குறைச்சலாம், அதை மாற்ற முடியுமா என்று விசாரிக்கச் சொன்னாராம்.

கோபம் எல்லாம் அக்காவுக்கு. அதுவும் வில்லன்மேல் இல்லை. அவன் தோள்மேல் சாய்ந்து நின்ற அந்தப் பெண்மேல். குட்டை முடி, கையில்லாத ரவிக்கை, விரலிடுக்கில் சிகரெட்.

அது ஸ்டெல்லாவின் கற்பனை என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பத்திக் சட்டை அவளே வாங்கிக் கொடுத்தது. அத்தான் அதை ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் போட்டார். ஆகவே படம் அந்தக் கல்யாணத்தில் எடுத்தது. ஆகவே அன்றைக்கு அவர் பக்கத்தில் ஒருத்தி நின்றிருக்கிறாள். தான் பந்தியில் எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தபோது இது நடந்திருக்கிறது.

நான் உருவாக்கிய துப்பறியும் பெண் இத்தனை சுருக்கமாக யோசித்ததில்லை. அவளுக்கு நாற்பது பக்கம் பிடித்தது.

அத்தானிடம் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். "தெரியல" என்றாராம். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், பாவம். ஆனால் இந்தக் கேள்விக்குக் கணவன்மார் சொல்லக்கூடாத பதில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அன்றிலிருந்து அவருக்குக் கடைச் சாப்பாடு.

போனில் தீர்கிற விஷயமாகத் தெரியவில்லை. அன்றைக்கே ஸ்டெல்லாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு பாலோவுக்குக் கிளம்பினேன். வழியில் மண்பாண்டக் கடைகள் நிறைந்த ஆயர் ஈத்தாமில் நிறுத்தி, வெறுங்கையோடு போக வேண்டாம் என்று ஒரு பூச்சாடி வாங்கினோம். கணவனைத் திருடனாக்கியதற்கு எந்த அளவில் பூச்சாடி கொடுப்பது? தெரியவில்லை. கொஞ்சம் பெரிதாகவே வாங்கினோம்.

அக்கா கதவைத் திறந்தாள். நைட்டி, மூக்குக்கண்ணாடி, உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை. பூச்சாடியை வாங்கிக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. அத்தான் சோபாவின் ஓரத்தில், மேனேஜர் கூப்பிட்டனுப்பிய பியூனைப் போல உட்கார்ந்திருந்தார். டைகர் மாதிரியே இல்லை.

கற்பனைதான் என்று நான் மறுபடியும் தொடங்கினேன். அப்போதுதான் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். அவளுக்குப் பொய் வராது, அதுதான் அவளிடம் இருக்கும் பெரிய பிரச்சினை. இல்லை, அந்தப் பெண்ணும் கல்யாணப் படத்தில் இருந்தவர்தான், முடியையும் உடுப்பையும் மட்டும் மாற்றினேன் என்று சொல்லிவிட்டாள்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வாசல் எத்தனை தூரம் என்று கணக்குப் போடத் தோன்றியது.

ஸ்டெல்லா டேப்லெட்டை எடுத்து, அந்தப் படத்தைத் தேடி, பெரிதாக்கி, அக்காவிடம் நீட்டினாள். "இவங்கதான்க்கா. யாருன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்துல எத்தன பேரு இருந்தாங்க... என் கண்ணு இவங்ககிட்டதான் போய்ப் போய் நின்னுச்சு. நிக்கிற நிப்புலயே ஒரு ஸ்டைலு."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை. பார்லரில் அலங்கரித்த தலை. கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை லேசாகச் சாய்த்து, பந்திப் பக்கம் யாரையோ அதட்டத் திரும்பிய முகம். கண்ணாடி போடவில்லை.

அக்காவேதான்.

ஸ்டெல்லா படத்தையும் நைட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக டேப்லெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அத்தானுக்கு உயிர் திரும்பியது. நான்தான் அப்போதே சொன்னேனே, வேறு யாரும் இல்லையென்று, என எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

"என்னத்த சொன்னீங்க?" என்றாள் அக்கா. "தெரியலன்னுதானே சொன்னீங்க? இருவத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துன பொண்டாட்டி. படத்துல பாத்தா யாருன்னு தெரியல."

அத்தான் மறுபடியும் உட்கார்ந்தார். கடைச் சாப்பாடு இப்போதைக்குத் தீராது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் அக்கா எங்களை உட்காரச் சொன்னாள். தேநீர் வந்தது. முறுக்கு வந்தது. ஸ்டெல்லாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தட்டு கேசரி வந்தது. பேச்சோடு பேச்சாக அக்கா, கடைக் கல்லாவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஓரங்கள் மடங்கி, பக்கங்கள் தளர்ந்து, நடுவில் ஒரு மஞ்சள் கறை. திரும்பத் திரும்பப் படித்த புத்தகம்.

இத்தனை வருடமாகப் பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பத்தியை எழுதுகிறேன். அக்கா ஒரு வாரம்கூட வாசித்தது கிடையாது. கேட்டால் கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்பாள். அவள் என்னிடம் கதையைப் பற்றிப் பேசினாள். எட்டாம் பக்கத்தில் பூட்டியிருந்த மண்டபம் பதினோராம் பக்கத்தில் எப்படித் திறந்தது என்று கேட்டாள். எனக்கே பதில் தெரியவில்லை. எந்த விமர்சகரும் இத்தனை அக்கறையோடு என்னை வாசித்ததில்லை. சந்தேகத்தோடு வாசித்தாள் என்பது உண்மைதான். அதனால் என்ன? வாசித்தாளே.

கிளம்பும்போது காடி வரைக்கும் வந்தாள். அத்தான் உள்ளேயே இருந்தார். ஜன்னல் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஸ்டெல்லாவிடம்தான் பேசினாள், என்னிடம் இல்லை.

"ரெண்டாவது புக்கு போடுவீங்கல்ல? அதுல அந்த ஆள விட்டுட்டு, வெளக்கையெல்லாம் எடுத்துக்கிட்டு அவ மட்டும் போயிரணும். யாரும் புடிக்கக் கூடாது."

எழுதத் தொடங்கிவிட்டேன்... அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை.